முதல் அடி ஏன் குத்துகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் பொழுதுபட்ட பிறகு எந்த ரொட்டிக் கடை வாசலில் நின்றாலும், குதிக்கால் வலியின் பாதிப் பாடத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். கோதுமை மாவைக் குழைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் பூசி, தட்டில் அடுக்கி மூடி வைத்திருப்பார்கள். வீச்சு ரொட்டி போடுகிறவர் அதில் ஒன்றை எடுத்துத் தட்டி, ஓரத்தைப் பிடித்து வீசுவார். அப்பால் நிற்பவரின் சட்டை நிறம் தெரிகிற அளவுக்கு அது விரியும், கிழியாது. அதே மாவைக் குளிரூட்டியிலிருந்து எடுத்த கையோடு வீசச் சொல்லிப் பாருங்கள். முதலில் முரண்டு பிடித்துச் சுருங்கும். விடாமல் இழுத்தால் கிழியும். அதுவும் நடுவில் அல்ல, விரலால் பிடித்த ஓரத்தில்.

மாவுக்குள் இழுபடுவது குளூட்டன் என்ற புரத வலை. நம் உள்ளங்காலில் இழுபடுவது கொலாஜன் என்ற புரத நார். குதிக்கால் எலும்பின் அடியில், உட்பக்கமாக ஒரு புடைப்பு இருக்கிறது. அங்கே ஒட்டிக்கொண்டு தொடங்கும் ஒரு தடித்த பட்டை, முன்னே போய் ஐந்தாகப் பிரிந்து விரல்களின் அடியில் முடிகிறது. மருத்துவர்கள் பிளாண்டர் ஃபேசியா என்பார்கள். பாதப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். ரொட்டிக்காரர் பிடிக்கிற ஓரம்தான் அந்தக் குதிக்கால் முனை. வலிக்கும் இடமும் அதுவே. பெருவிரலால் குதிக்காலின் உட்பக்க அடியை அழுத்தினால் "அம்மா!" என்று துள்ளுகிற ஒரு புள்ளி அகப்படும்.

இந்தப் பட்டை சும்மா கிடப்பதில்லை. நடக்கும்போது குதிக்கால் தரையை விட்டு எழும் கணத்தில் விரல்கள் மேல்நோக்கி மடிகின்றன அல்லவா? அப்போது பட்டையின் முன்முனை விரல்மூட்டுகளைச் சுற்றி இழுபட, நீளம் குறைந்த பட்டை பாதத்தின் வளைவைத் தூக்கி இறுக்குகிறது. தளர்ந்திருந்த பாதம் ஒரே நொடியில் உறுதியான நெம்புகோலாகி உடலை முன்னே தள்ளுகிறது. 1954 இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதை விளக்கி எழுதினார். நிமிர்ந்து நின்றபடி உங்கள் பெருவிரலை யாராவது மேலே தூக்கினால், உள்ளங்கால் வளைவு தானாக உயர்வதை நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுவை. 10 கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 13,000 அடி, ஒரு காலுக்கு 6,500 இழுவை.

இனிக் காலமை வலிக்கு வருவோம். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கிக் கிடக்கிறது. கெண்டைக்கால் தசையும் பாதப்பட்டையும் பல மணி நேரம் சுருங்கிய நிலையில் இறுகிப் போகின்றன. அலாரம் அடிக்கிறது. எழுந்து குளியலறைக்கு நடக்கிறீர்கள். உடலின் முழுப் பாரமும், இறுகிக் கிடக்கும் பட்டையின் ஓரத்தில் ஒரே அடியாக விழுகிறது. குளிரூட்டியில் இருந்த மாவை எடுத்த கையோடு வீசியதற்கு இது சமம். பத்து நிமிடம் நடமாடியதும் வலி குறைவதற்கும் இதுதான் காரணம். பட்டை மெல்ல இளகிவிடுகிறது. "நடந்தால் சரியாகிவிடுகிறதே" என்று நம்பி அன்று முழுதும் சுற்றுகிறவர்தான் இரவில் நொண்டிக்கொண்டு வீடு திரும்புவார்.

கொழும்புக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இங்கேதான் கணக்கைப் பிழையாகப் போடுகிறார்கள். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து வெள்ளவத்தையில் தங்குகிறவர், "இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கிறார். நான் என்றால் "இன்றைக்கு எத்தனை முதல் அடி?" என்று கேட்பேன். படுக்கையிலிருந்து எழுவது ஒன்று. காலை உணவு முடித்து எழுவது இன்னொன்று. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை வரை இருந்துவிட்டு இறங்குவது ஒன்று. கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயத்தில் பூசை முழுதும் அமர்ந்திருந்து, நன்மை வாங்க எழும்புவது மற்றொன்று. தூரத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் இந்த முதல் அடிகளை மென்மையாக்க முடியும், அதற்கு ஒரு நிமிடம் போதும்.

அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கும் விதம் இது. நோகும் காலை மற்றத் தொடை மேல் போட்டுக்கொள்ளுங்கள். கையால் விரல்களைப் பிடித்துக் கணுக்கால் பக்கமாக, உள்ளங்காலில் பட்டை நாணேறியது தெரியும்வரை இழுங்கள். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள், 10 தடவை. 2003 இல் அமெரிக்காவின் ரொசெஸ்டரில் டிஜியோவானி என்ற மருத்துவரின் குழு, நாட்பட்ட குதிக்கால் வலிக்காரர்களிடம் இந்தப் பயிற்சியையும், கெண்டைக்காலை மட்டும் நீட்டும் வழமையான பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பட்டையையே குறிவைத்த முறைதான் கூடுதல் பலன் கொடுத்தது. அவர்கள் சொன்ன நேரம் முக்கியம்: காலமை முதல் அடி வைக்குமுன், நெடுநேரம் இருந்து எழுமுன். பேருந்தில் இதைச் செய்யப் பக்கத்தில் இருப்பவர் இடம் தரமாட்டார். அங்கே சப்பாத்துக்குள்ளேயே விரல்களை மேலே மடக்கி மடக்கி விட்டால் பாதிப் பலனாவது கிடைக்கும்.

சரி, மாவு கிழிவதைப் போலத்தான் பட்டையும் கிழிகிறதா? பழைய பெயரின்படி இது அழற்சி. வீங்கி, சிவந்து, கொதிப்பது. ஆனால் லெமொன்ட் என்ற பாத மருத்துவரும் கூட்டாளிகளும் 50 அறுவைச் சிகிச்சை மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து 2003 இல் எழுதியபோது, அழற்சியின் அடையாளம் தென்படவில்லை. நார்கள் ஒழுங்கு குலைந்து தேய்ந்திருந்தன. பட்டையின் குதிக்கால் முனை வழக்கமாக 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும். வலிக்காரர்களிடம் அதைத் தாண்டித் தடித்திருப்பதை ஸ்கேனில் பார்க்கலாம். ஓரத்தில் நுண்ணிய சேதம், அரைகுறையான திருத்தம், மறுநாள் மறுபடி சேதம். எக்ஸ்ரேயில் தெரியும் "முள்"ளைக் குற்றம் சொல்கிற வழக்கம் நம்மிடம் உறுதியாக வேரூன்றியிருக்கிறது. "குதிக்காலில முள் வளர்ந்திட்டுதாம்" என்று பெரியம்மா சொல்வார். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு நீட்சி இருக்கிறது. வலியின் மூலம் பெரும்பாலும் அது அல்ல.

ஊரில் நாளைக்கு 3,000 அடி நடக்கிறவர் விடுமுறையில் திடீரென 15,000 அடி நடந்தால் ஓரம் தாங்காது. ஆனால் கொழும்பில் அடிகளின் எண்ணிக்கையை விட எனக்குக் கவலை தருவது வேறொன்று: செருப்பைக் கழற்றும் இடங்கள். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரத்தை எடுங்கள். பொன்னம்பல முதலியார் 1850களில் தொடங்கி வைத்த கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். அந்தக் கல்வேலையைப் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். சுற்றிப் பார்க்க முக்கால் மணி நேரம் வெறுங்காலில், கருங்கல்லில் நிற்கவேண்டும். மத்தியானத்தில் கல் சுடும்போது என்ன செய்கிறோம்? குதிக்காலைத் தூக்கி, முன்பாதத்தில் ஓடுகிறோம். ஹிக்ஸ் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: விரல் மடிந்தால் பட்டை இறுகும். சுடுகல்லில் முன்பாதத்தால் ஓடுவது, ஓய்வெடுக்க வேண்டிய பட்டையை ஒவ்வொரு அடியிலும் இழுப்பதாகும். ஆகவே காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ போங்கள். அதற்கு மேல் ஒரு சமாதானமும் செய்யவேண்டியதில்லை.

செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், ஜிந்துப்பிட்டிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், ஒரு மசூதி, ஒரு விகாரை, பிறகு சொந்தக்காரர் வீட்டு டைல்ஸ் தரை என்று ஒரே நாளில் அடுக்கினால் வெறுங்கால் நேரம்தான் பெரும்பகுதியாகிவிடும். இரண்டை ஒரு நாளும், மற்றவற்றை வேறு நாளும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டுக்குள் அணியும் மெத்தென்ற செருப்பு ஒன்றைப் பையில் கொண்டுபோனால், பெரியம்மா ஒன்றும் சொல்லமாட்டார். காரணத்தைச் சொன்னால் இரக்கப்பட்டுக் கதிரையும் இழுத்துப் போடுவார்.

ஆடிவேல் திருவிழாக் காலத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் தேர் மெல்ல மெல்ல, நின்று நின்று வரும். ஆடி மாதத் தார் வீதியில் வெறுங்காலில் அதன் பின்னால் முழுத் தூரமும் போக நேர்ந்திருப்பவரை நான் தடுக்கப்போவதில்லை. நேர்த்தி வேறு, மருத்துவம் வேறு. நேர்த்தியில்லாமல் பார்க்க வருகிறவர், தேர் வரும் வழியில் ஓரிடத்தில் நிழலாகப் பார்த்துக் கதிரை போட்டு அமர்வது நல்லது.

வெள்ளவத்தைக் கடற்கரை மணலும் ஏமாற்றும். மென்மையாக இருப்பதால் குதிக்காலுக்கு இதம் என்று தோன்றும். ஆனால் மணலில் குதிக்கால் தாழ்ந்து புதையும். கெண்டைக்காலும் பட்டையும் கூடுதலாக இழுபடும். அதைவிடக் காலிமுகத்திடல் நல்லது. ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் கட்டுவித்து 1859 இல் முடிந்த நடைபாதை அது. கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் தனக்குப் பின் வரும் ஆளுநர்கள் பேண வேண்டும் என்று அங்கே கல்லிலும் பொறித்து வைத்தார். சமதளம், கடல் காற்று, வேண்டும்போது உட்கார இடம். குதிக்கால் வலிக்காரருக்காகவே கட்டியது போல.

வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையிலான ஏறத்தாழ 8 கிலோமீட்டரை நடந்து தீர்க்கத் தேவையில்லை. கரையோர ரயில் கடலை ஒட்டி ஓடுகிறது. அந்தக் காட்சிக்காகவே ஏறலாம். கோட்டை நிலையத்தில் மேம்பாலப் படிகள் வரும். படி ஏறும்போது முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள். முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிக்காலைத் தொங்கவிட்டால் பட்டை இழுபடும். கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ பிடியுங்கள். மிச்சம் வைத்த அடிகளை, 1749 இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய வுல்பெண்டால் தேவாலயம் இருக்கும் மேட்டில் ஏறச் செலவழிக்கலாம்.

காலணியைப் பற்றி: தட்டையான இறப்பர் செருப்பு விடுமுறைக்கு மிக வசதி, குதிக்காலுக்கு மிக மோசம். பின்பக்கம் சற்று உயர்ந்த, நடுவில் முறுக்கினால் எளிதில் முறுகாத சப்பாத்து நல்லது. பார்மசியில் கிடைக்கும் ஆயத்தமான உள்ளட்டையை முதலில் போட்டுப் பாருங்கள். அளவெடுத்துச் செய்யும் விலைகூடிய அட்டைகள் அதைவிடப் பெரிதாக உதவுவதாக ஒப்பீட்டு ஆய்வுகளில் தெரியவில்லை. மாலையில் தங்குமிடத்துக்கு வந்ததும், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் தரையில் கிடத்தி உள்ளங்காலால் முன்பின் உருட்டினால் வலி மரத்துப்போகும். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. குளிர்ப் புண் வந்ததே தெரியாது.

மா உவமை இவ்வளவு தூரம்தான் வரும். மாவை இழுத்துக்கொண்டே போனால் மெலிந்து ரொட்டியாகும். உயிருள்ள பட்டை, அளவாக இழுத்து ஓய்வு கொடுத்தால் வலுக்கும். டென்மார்க்கில் ராத்லெஃப் குழு 48 பேரிடம் செய்து 2015 இல் அச்சான ஆய்வு இதைத்தான் சோதித்தது. துவாயைச் சுருட்டி விரல்களுக்கடியில் வைத்து, படி ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்று, 3 வினாடியில் எழும்பி, 2 வினாடி நிறுத்தி, 3 வினாடியில் இறங்க வேண்டும். ஒன்றுவிட்டொரு நாள். மூன்று மாத முடிவில் இவர்கள், நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களை விடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். ஓராண்டில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இதை விடுமுறையின் முதல் நாள் தொடங்காதீர்கள். பயணச்சீட்டு எடுத்த அன்றே தொடங்க வேண்டிய வேலை இது.

எல்லாக் குதிக்கால் வலியும் இதுவல்ல. குதிக்காலின் நடுவில், வெறுந்தரையில் மட்டும் நோகிறதென்றால் அங்குள்ள கொழுப்புத் திசு தேய்ந்திருக்கலாம். அதற்கு இழுவைப் பயிற்சி அல்ல, மெத்தென்ற அட்டைதான். குதிக்காலை இரு பக்கமும் கையால் நெரிக்கும்போது கூர்மையாக நோகிறதா, எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். எரிவும் மரப்புமாக இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது "டப்" என்ற உணர்வோடு திடீரென வலி பாய்ந்து உள்ளங்கால் கன்றிப்போனால், அல்லது இரவில் படுத்திருந்தாலும் வலி விடாவிட்டால், அடுத்த கோயில் அடுத்த வருடம் பார்க்கலாம்; அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீரொயிட் ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே நடக்கக் கிளம்பலாம் என்று எண்ணுகிறவர்கள், ஊசி வலியைக் குறைப்பது சில வாரங்களுக்குத்தான் என்பதையும், பட்டை அறுந்துபோகும் ஆபத்தைச் சற்றுக் கூட்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

திரும்பிப் போகும் விமானத்தில் 10 மணி நேரம் உட்கார்ந்து இறங்கும்போதும் ஒரு முதல் அடி இருக்கிறது. விளக்குகள் எரிந்து, பைகளை எடுக்க எல்லோரும் எழும்பும்போது, காலைத் தொடைமேல் போட உங்களுக்கு இடம் கிடைக்காது. அதற்கு அரை மணி முன்பே, தட்டு மேசைக்குக் கீழே விரல்களை மடக்கத் தொடங்குங்கள்.