கோல்ஃபில் நிற்கும் விதமும் பந்து போகும் திசையும்

கோல்ஃபில் மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் விநாடியில் ஏறக்குறைய 2,000இல் ஒரு பங்குதான். அதற்குள் ஆட்டக்காரரால் எதையும் திருத்த முடியாது. அந்தக் கணத்தில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது, மட்டை எந்தத் திசையில், எந்த வேகத்தில் வருகிறது, மேலிருந்து இறங்குகிறதா கீழிருந்து ஏறுகிறதா, முகத்தின் எந்த இடத்தில் பந்து படுகிறது ஆகியவையே அடியின் போக்கைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் பெரும்பங்கு மட்டையைத் தூக்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பாதங்களை எங்கே ஊன்றுவது, இடுப்பையும் தோளையும் எப்பக்கம் திருப்பி நிற்பது என்பவற்றுக்கு வேகமும் வேண்டாம், பலமும் வேண்டாம். இருந்தும் புதிதாக ஆடுபவர்கள் மிகக் குறைவாகப் பயிற்சி எடுப்பது இதில்தான். (இங்கே சொல்லப்படும் இடம், வலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை. இடக்கையர் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.)

பந்திலிருந்து இலக்குக்குப் போகும் கற்பனைக் கோடு ஒன்று. ஆட்டக்காரரின் பாதங்கள், முழங்கால்கள், இடுப்பு, தோள்கள் ஆகியவற்றை இணைக்கும் கோடு மற்றொன்று. இவ்விரண்டும் தண்டவாளங்களைப் போல இணையாக ஓடினால் அதை நேர்நிலை என்பார்கள். இடது பாதம் பின்வாங்கி உடல் இலக்குக்கு இடப்பக்கம் திரும்பினால் திறந்த நிலை. வலது பாதம் பின்வாங்கி உடல் வலப்பக்கம் திரும்பினால் மூடிய நிலை. சிறு பிசகும் தொலைவில் பெரிதாகிவிடும். 200 மீட்டர் அடியில் திசை 5 டிகிரி விலகினால் பந்து இலக்கிலிருந்து 17 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும்.

உடலைக் குழியைக் காட்டும் கொடிக்கே நேராக வைத்துவிடுவதுதான் தவறு என்று பலர் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய குற்றமில்லை. உடற்கோட்டுக்கும் பந்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி; 200 மீட்டர் தொலைவில் அது பொருட்டல்ல. உண்மையான சிக்கல் கண்ணில் இருக்கிறது. ஆட்டக்காரர் இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, தலையைச் சாய்த்துத் திருப்பித்தான் அதைப் பார்க்கிறார். அந்தக் கோணத்திலிருந்து எது நேர் என்று கண்டுபிடிப்பது கடினம். வலக்கையர் பலர் தங்களை அறியாமலே இலக்குக்கு வலப்புறம் பார்த்து நின்றுவிடுகிறார்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. உடல் வலப்பக்கம் பார்த்தாலும் இலக்கு இடப்பக்கம் இருப்பது மனத்துக்குத் தெரியும். ஆகவே கீழிறங்கும் வீச்சில் தோள் முந்திக்கொண்டு, மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுத்து அடிக்கிறது. பந்து இடப்பக்கம் போகும், அல்லது வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகும். ஸ்லைஸுக்குப் பயந்தவர் அடுத்த முறை இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார். அப்போது மட்டையின் பாதையும் இன்னும் இடப்பக்கம் சாயும். முகம் முன்போலவே இருந்தால் வளைவு கூடத்தான் செய்யும். மாதக்கணக்கில் வீச்சைத் திருத்தப் போராடுபவரின் குறை பல நேரங்களில் வீச்சில் இருப்பதில்லை. தவறாக நின்ற உடலைச் சரிக்கட்டவே அந்த வீச்சு பிறந்திருக்கிறது. வலப்பக்கம் பார்த்து நின்று பழகியவரைச் சரியாக நிறுத்தினால், இடப்பக்கம் வெகுதூரம் திரும்பி நிற்பதாகவே அவருக்குத் தோன்றும். அந்த உறுத்தல் போகச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

நான்கு உடற்கோடுகளில் எல்லாரும் சரிபார்ப்பது பாதங்களை. அதிகம் ஆள்வதோ தோள்கள். கைகள் தொங்குவது தோளிலிருந்து என்பதால் மட்டையின் பாதை தோளின் திசையையே பெரிதும் பின்பற்றும். பாதங்கள் இம்மி பிசகாமல் நேராக இருந்தும் தோள் திறந்திருந்தால் அடி கெடும். பந்தை அளவுக்கு மீறி முன்னால், இடது காலுக்கு வெளியே வைப்பவர்களிடம் இதைக் காணலாம். மட்டைப் பிடியில் கீழே இருக்கும் வலது கை அந்தப் பந்தை எட்டிப் பிடிக்கப் போகும்போது வலது தோளும் கூடவே முன்னால் வந்துவிடுகிறது.

பந்து எங்கே இருக்க வேண்டும் என்பது மட்டையைப் பொறுத்தது. வீச்சு ஒரு சாய்ந்த வளைவு. அதன் அடிப்புள்ளி ஏறக்குறைய இடது தோளுக்குக் கீழே அமையும். அயர்ன் மட்டைகளில் பந்து அந்தப் புள்ளிக்குச் சற்று முன்பே இருந்தால் மட்டை இறங்கும்போதே பந்தைத் தொட்டு, பிறகு புல்லை வெட்டும். நீளமான மட்டையான டிரைவரில் பந்து டீ எனும் சிறு முளையின் மேல், இடது குதிகாலுக்கு நேரே இருப்பதால் மட்டை அடிப்புள்ளியைக் கடந்து ஏறும்போது சந்திக்க முடிகிறது. பந்தின் இடம் திசையையும் மாற்றும். வெகு பின்னால் இருந்தால் மட்டை இன்னும் வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே பட்டுவிடும். வெகு முன்னால் இருந்தால் மட்டை இடப்பக்கம் திரும்பிய பிறகுதான் படும். பந்தின் விட்டம் 4.3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவு இடம் மாறினாலே வேறுபாடு தெரியும்.

கால்களுக்கு இடையிலான அகலம் டிரைவருக்குத் தோளளவு அல்லது கொஞ்சம் கூடுதல். மட்டை குட்டையாகக் குட்டையாக அகலமும் குறையும். மிக அகலமாக நின்றால் இடுப்பு திரும்பாது. மிகக் குறுகலாக நின்றால் வேகத்தில் உடல் தள்ளாடும்.

பாதத்தைத் திருப்பி வைப்பது பற்றி இன்றும் பேசப்படுவது அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட ‘ஃபைவ் லெசன்ஸ்’ நூல் சொன்ன முறை. வலது பாதம் இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக, இடது பாதம் கால் பங்கு வெளியே திரும்பி இருக்க வேண்டும் என்றார் அவர். நேராக வைத்த வலது பாதம் பின்வீச்சில் இடுப்பு மிதமிஞ்சிச் சுழல்வதைத் தடுக்கும். வெளியே திரும்பிய இடது பாதம், அடித்த பின் உடல் இலக்கை நோக்கித் திரும்ப வழிவிட்டு முழங்காலின் முறுக்கைக் குறைக்கும். இடுப்பு இறுகிப்போன நடுவயதுக்காரர் ஹோகனின் வலது பாதத்தை அப்படியே பின்பற்றுவது நல்லதல்ல. அவர்கள் அதையும் கொஞ்சம் வெளியே திருப்பினால் முதுகுக்கு நிம்மதி கிடைக்கும்.

நேர்நிலையிலிருந்து வேண்டுமென்றே விலகிப் பெரும்புகழ் பெற்றவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் இலக்குக்கு வெகு வலப்புறம் பார்த்து நின்று, பந்தை இடப்பக்கம் வளைத்துக் கொண்டுவருவார். 1949 முதல் 1957 வரை நான்கு முறை ஓப்பன் சாம்பியன்ஷிப் பட்டத்தை வென்றார். ஆறு பெரும்பட்டங்கள் பெற்ற அமெரிக்கர் லீ ட்ரெவினோ அதற்கு நேர்மாறு. திறந்த நிலையில் இடப்புறம் பார்த்து நின்று, வலப்பக்கம் மெல்ல வளையும் ஃபேட் அடிப்பார்.

பந்தை இப்படி வளைக்கப் பழைய பாடங்கள் கற்றுத்தந்த வழி, பந்து கிளம்ப வேண்டிய திசையில் காலை வை, முடிய வேண்டிய திசையில் மட்டைமுகத்தை வை என்பது. இது பிழை. 1968இல் காக்ரன், ஸ்டாப்ஸ் இருவரும் எழுதிய ஆய்வு நூலும், 1994இல் இயற்பியலாளர் தியோடர் ஜோர்கென்சன் எழுதிய நூலும் இயற்பியலை விளக்கின. பின்னர் வந்த ராடார் கருவிகள் அதை மைதானத்திலேயே அளந்து காட்டின. பந்து கிளம்பும் திசையில் பெரும்பங்கு மட்டைமுகத்துடையது: அயர்னில் முக்கால் பங்கு, டிரைவரில் அதற்கும் மேல். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடுதான் பந்தை வளைக்கிறது. ஃபேட் அடிக்க விரும்புபவர் உடலை இடப்பக்கம் திருப்பி, முகத்தைக் கொடிக்கு நேராக வைத்தால் பந்து ஏறக்குறைய கொடியை நோக்கிக் கிளம்பி வலப்பக்கம் வளைந்து தவறிப்போகும். முகம் கொடிக்கும் உடற்கோட்டுக்கும் இடையில் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவை சமதளத்துக்கு. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலை மைதானங்களில் சமதளம் அரிது. பந்து பாதங்களைவிட உயரத்தில் இருந்தால் மட்டையின் நுனி தூக்கிக்கொண்டு, முகத்தின் சாய்வு இடப்பக்கம் பார்க்கும். பந்தும் இடப்பக்கம் போகும். தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் போகும். முகம் அதிகம் சாய்ந்த வெட்ஜ் போன்ற மட்டைகளில் இந்த விலகல் கூடுதல். ஏற்றத்திலும் இறக்கத்திலும் தோளைச் சரிவுக்கு ஒப்பச் சாய்த்து நிற்க வேண்டும். ஏற்றத்தில் பந்து உயரப் பறந்து குறைவான தூரமே போகும். இறக்கத்தில் தாழப் பறந்து கூடுதலாக ஓடும்.

குழியைச் சுற்றியுள்ள கிரீனில் கணக்கு இன்னும் கறாரானது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டரிலிருந்து உருட்டும் பந்து ஒரு டிகிரி விலகினால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்து குழியின் விளிம்புக்கே போய்விடும். கண்கள் பந்துக்கு நேர்மேலாகவோ சற்று உள்ளேயோ இருந்தால் கோட்டைச் சரியாகப் பார்க்கலாம். குழியைப் பார்த்தபடி, கோட்டின் இருபுறமும் கால் வைத்து உருட்டிப் பார்த்தார் அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட். 1968இல் அது தடைசெய்யப்பட்டதும், இரு கால்களையும் கோட்டின் ஒரே பக்கம் வைத்து உருட்டத் தொடங்கினார்.

நிற்பதை விதிகள் இவ்வளவு நுணுக்கமாகக் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. சரியாகக் குறிபார்த்து நிற்பதே ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கப்படும் திறமைகளில் ஒன்று. மணற்குழியில் பாதங்களை அளவோடு புதைத்து ஊன்றலாம். ஆனால் நிற்க ஒரு தளத்தை அமைத்துக்கொள்ளக் கூடாது. 1987இல் டோரி பைன்ஸ் மைதானத்தில் மரக்கிளைக்கு அடியில் கிடந்த பந்தை அடிக்க, கால்சட்டை அழுக்காகாமல் துண்டு விரித்து மண்டியிட்டார் அமெரிக்க ஆட்டக்காரர் கிரெய்க் ஸ்டாட்லர். அது தளம் அமைத்ததாகக் கருதப்பட்டது. தண்டனை ஸ்ட்ரோக்குகளைச் சேர்க்காமல் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டிருந்ததால் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். 2019இல் வந்த விதிப்படி, ஆட்டக்காரர் நிற்கத் தொடங்கிய பின் அவருடைய உதவியாளரான கேடி, பந்துக்குப் பின்னால் இலக்குக் கோட்டின் நீட்சியில் வேண்டுமென்றே நிற்கக் கூடாது. அந்த ஆண்டே துபாய் போட்டியில் சீனாவின் லி ஹாவ்டோங் இதற்காக இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை பெற்றார். தண்டனை கடுமையாக இருந்தாலும் விதியின் நோக்கம் நியாயமானது. காலைச் சரிசெய்யத் தரையில் மட்டையைக் கிடத்துவதற்கும் தடை உண்டு. கிடத்தி நின்றபின் அதை எடுத்துவிட்டாலும் தப்ப முடியாது.

விதி அனுமதிக்கும் சிறந்த உத்தி அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் கடைப்பிடித்தது. பந்துக்குப் பின்னால் நின்று, இலக்குக் கோட்டில் பந்துக்குச் சில அடி முன்னால் இருக்கும் ஒரு காய்ந்த இலையையோ புல் பெயர்ந்த தடத்தையோ அவர் குறித்துக்கொள்வார். தொலைவிலுள்ள கொடிக்கு நேராக வைப்பதைவிட, அருகிலுள்ள அடையாளத்துக்கு நேராக மட்டைமுகத்தை வைப்பது எளிது. முகம் நின்ற பிறகே பாதங்கள் அதற்கேற்ப வந்து சேர வேண்டும். பயிற்சித் திடலில் தரையில் குச்சி வைக்கத் தடையில்லை என்பதால், பாதங்களுக்கு முன்னால் ஒன்று, பந்துக்கு அப்பால் இணையாக ஒன்று என இரண்டு குச்சிகள் போதும். தோளைச் சரிபார்க்க, நின்ற நிலையிலேயே ஒரு மட்டையை இரு தோள்களுக்கும் குறுக்கே பிடித்துக்கொண்டு, அது தரையிலுள்ள குச்சிகளுக்கு இணையாக இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம்.