காடும் காணியும்: ஆபிரிக்காவின் தென்பகுதி தரும் அனுபவம்

அங்கோலா தொடக்கம் சாம்பியா, மலாவி ஊடாக மொசாம்பிக், தன்சானியா வரை ‘மியொம்போ’ எனப்படும் காடு பரந்து கிடக்கின்றது. அதனை அண்டி வாழும் விவசாயிகளுக்கு அது இரண்டாவது வயலாகும். விறகு, வீட்டுக்கு மரம், கூரைக்குப் புல், தேன், மூலிகை யாவும் அங்கிருந்தே கிடைக்கின்றன. பழைய சோளம் முடிந்து புதிய சோளம் முற்றாத மாதங்களில், மழையோடு முளைக்கும் காளான்களும் காட்டுப் பழங்களும் பசியைத் தணிக்கின்றன. வரண்ட பகுதிகளில், மொபானே மரத்தின் இலையை உண்ணும் புழுக்களைப் பெண்கள் சேகரித்து, அவித்துக் காயவைத்துச் சந்தையில் விற்கின்றனர். அவை புரதம் நிறைந்த உணவாகும்.

வட சாம்பியாவின் பெம்பா மக்கள், நாம் நன்கறிந்த குரக்கனை ‘சித்தெமெனே’ என்னும் முறையில் விதைத்து வந்தனர். இது எமது சேனைப் பயிர்ச்செய்கையை ஓரளவு ஒத்தது. கிளைகளை வெட்டிக் குவித்து எரித்து, அச்சாம்பலில் விதைப்பர். சில போகங்களின் பின் நிலத்தை நீண்டகாலம் ஓய்வாக விடுவர். சனத்தொகை பெருகி ஓய்வுக்காலம் குறுகியபோது, காடு மீளமுடியாமற் போயிற்று. நகரங்களின் சமையலுக்கான விறகுக்கரியும் காட்டை அழித்து வருகின்றது.

ஆயினும் மியொம்போ மரங்கள் பல, தறித்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் தன்மையுடையன. அத்துளிரைத் தீயிலிருந்தும் கோடரியிலிருந்தும் காப்பவர் யார்? நாளையும் இக்காடு தமக்குரியது என நம்புபவரே. உரிமை நிச்சயமற்ற இடத்தில், “நாம் வெட்டாவிடில் வேறொருவர் வெட்டுவார்” என்ற எண்ணமே மேலோங்கும்.

இங்கேதான் மொசாம்பிக்கின் அனுபவம் எமது கவனத்துக்குரியது. 1992இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரில் பல இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மலாவியில் தஞ்சமடைந்திருந்தனர். திரும்பிய விவசாயிகள் பெரும்பாலானோரிடம் காணிப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை. அதேவேளை கம்பனிகளும் நிலம் கேட்டு வந்தன.

1997ஆம் ஆண்டின் காணிச் சட்டம் நிலத்தின் உடைமையை அரசிடமே வைத்தது. எனினும், வழக்காற்றின்படி நிலத்தைப் பயன்படுத்தி வந்தோரின் உரிமையைப் பத்திரமின்றியே அங்கீகரித்தது. அயலவரின் வாய்மொழிச் சாட்சியமும் ஆதாரமாயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை கூறப்பட்டது. கிராமத்தவர் கூடி, ஆறு, பாதை, பழைய மரம், மூதாதையர் புதைகுழி ஆகியவற்றைக் குறித்து எல்லைப் படம் வரைந்தனர். 2002இன் விதிகள் காட்டு வரியில் 20 வீதத்தைக் கிராமத்தவருக்கு ஒதுக்கின.

எல்லாம் சீராக நடந்ததென நாம் கூறவில்லை. பணம் தாமதித்தது, களவாக மரம் தறிப்பதும் நிற்கவில்லை. ஆனால் தாளில் இல்லாத உரிமை மனிதரின் நினைவில் உண்டு என்பதை ஒரு நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டது.

எமது நாட்டுச் சட்டம் வேறு. எனினும் உறுதியை இழந்த குடும்பங்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. முதியவர்களோடு அமர்ந்து, விட்டு வந்த காணியின் நான்கு எல்லைகளையும், கிணற்றையும், நின்ற மரங்களையும், அயலவர் பெயர்களையும் எழுதி வையுங்கள். அவற்றை அறிந்தவர்கள் எம்மோடு இருக்கும்போதே எழுதுவோம்.