விஞ்ஞான முறையும் மாணவர் மொழியும்



விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிப்பது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவர் பெரும்பாலும் கலைச்சொற்களைப் பற்றியே பேசுவது வழக்கம். அது இயல்பே. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலாக, ஒவ்வொரு தலைமுறையினரும் புதிய பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடி உழைத்துள்ளனர். அவ்வுழைப்பின் பயனை நாம் இன்று நுகர்கின்றோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களில் உயிரியல் பயிலும் மாணவன் கலம், நொதியம், ஒளித்தொகுப்பு, ஆவியுயிர்ப்பு முதலிய சொற்களைத் தங்குதடையின்றி எழுதுகிறான்.

ஆனால், பொருள்களின் பெயர்களை அறிந்தவன் அப்பொருள்களைப் பற்றி விஞ்ஞான முறையிற் பேச அறிந்தவனாகிவிடமாட்டான். விஞ்ஞானத்துக்குப் பெயர்ச்சொற்கள் வேண்டும். அவற்றோடு, 'இதனைக் கண்டேன்', 'இதனைக் கருதுகிறேன்', 'இது இன்னும் தெளிவாகவில்லை' என வேறுபடுத்திச் சொல்லும் வாக்கியங்களும் வேண்டும். இவ்விரண்டாம் பகுதியே நம் வகுப்புகளிற் பெரிதும் கவனிக்கப்படாது கிடக்கின்றது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொட்டியில் நின்ற செடி வாடிவிட்டது. மாணவனிடம், 'நீ அவதானித்ததை எழுது' என்கிறார் ஆசிரியர். 'நீர் இன்மையாற் செடி வாடியது' என்று அவன் எழுதுகிறான். அவன் அவதானித்தது, இலைகள் தொங்கியதும் மண் உலர்ந்திருந்ததுமாகிய இரண்டு செய்திகளை மட்டுமே. நீரின்மையே காரணம் என்பது அவன் கருதியது. அது சரியாகவும் இருக்கலாம். ஆயினும், வேரிற் புழு அரித்தாலும், தண்டில் நோய் பற்றினாலும் செடி வாடும். கண்டதையும் கருதியதையும் ஒரே வாக்கியத்திற் பிணைத்துவிட்டதால், வேறு காரணம் உண்டோ என்று தேடும் வாயில் அங்கேயே அடைபட்டுவிடுகின்றது.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. நம் முன்னோர் அறிவைப் பெறும் வழிகளை அளவைகள் என வகுத்தனர். மணிமேகலை அவற்றை ஆராய்கின்றது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞானசித்தியாரும் அளவையிலிருந்தே தன் ஆராய்ச்சியைத் தொடங்குகின்றது. காண்டல், கருதல், உரை என்பன அவற்றுள் தலையாயவை. புகையைக் காண்பது காண்டல். புகை கொண்டு நெருப்புண்டெனத் துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது உரை. சமய ஆராய்ச்சிக்காக வகுக்கப்பட்ட பாகுபாடேயாயினும், உயிரியல் வகுப்பில் இதனைக் கரும்பலகையில் எழுதிவைத்தால் மாணவருக்குப் பெரிதும் துணையாகும். தன் குறிப்பேட்டிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் இம்மூன்றில் எதனைச் சார்ந்தது என்று மாணவன் தன்னையே வினவிக்கொள்ளட்டும். பாடநூலிலிருந்து எடுத்ததெல்லாம் உரை என்பதை அவன் அப்போது உணர்வான். உரை இழிந்ததன்று, ஆனால் அதனைக் காண்டலென்று எழுதுதல் தகாது.

வவுனியாவின் தெருவோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வெள்ளைச் சிறுபூக்களோடு வளரும் பார்த்தீனியத்தை அறியாதார் அங்கு இலர். தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் அந்தக் களை, அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. இலங்கையில் அது 1999ஆம் ஆண்டு வவுனியாவில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு இந்திய அமைதிப் படையினருக்கு உணவாகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அதன் விதைகள் வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. இவ்விரு வாக்கியங்களின் முடிவையும் நோக்குங்கள். 'அறிவிக்கப்பட்டது' என்பது பதிவான செய்தி. 'வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது' என்பது ஊகம். தமிழ் வினைமுற்று இத்துணை நுட்பமாக உறுதியின் அளவைக் காட்டவல்லது. 'வந்தன' என்று மாணவன் எழுதிவிட்டால், ஓர் ஊகம் ஒரே நொடியில் வரலாறாகிவிடுகின்றது. உயிரியல் ஆசிரியர் விடைத்தாளைத் திருத்தும்போது எழுத்துப் பிழையைத் திருத்துவது போலவே இத்தகைய வினைமுற்றையும் திருத்துதல் வேண்டும்.

விஞ்ஞான முறைக்குரிய சொற்கள் சிலவற்றில் மற்றொரு சிக்கலும் உண்டு. அவை புதிய சொற்கள் அல்ல. வீட்டிலும் வீதியிலும் வேறு பொருளில் வழங்குபவை. 'விதி' என்னும் சொல்லைக் கேட்டவுடன் தலைவிதி நினைவுக்கு வரும். சட்டவிதியும் நினைவுக்கு வரும். மெண்டலின் விதி என்பதோ, 1866ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பட்டாணிச் செடி ஆராய்ச்சியிற் கண்ட ஒழுங்கைக் கூறுவது. எவரும் இட்ட கட்டளையன்று. அதற்கு விலக்குகளும் உண்டு. 'கொள்கை' என்றால் கட்சிக் கொள்கையும் தனிமனிதன் பற்றிநிற்கும் கருத்தும் மனத்தில் எழும். ஆதலால், கூர்ப்புக் கொள்கை என்பதும் விரும்பினோர் ஏற்கும் ஒரு கருத்தே என மாணவர் மயங்குவர். விஞ்ஞானத்திற் கொள்கையாவது, பலவகைச் சான்றுகளை ஒருங்கே விளக்கி, பல சோதனைகளைத் தாண்டி நிற்கும் விளக்கமாகும். 'கட்டுப்பாடு' என்றால் ஒழுக்கக் கட்டுப்பாடு. பரிசோதனையிலோ அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கப்படும் அமைப்பு. 'வழு' என்றால் இலக்கணப் பிழை. அளவீட்டிலோ எத்துணைக் கவனமாக அளந்தாலும் எஞ்சிநிற்கும் சிறு வேறுபாட்டையும் அது குறிக்கும். இச்சொற்களை மாற்றவேண்டியதில்லை. ஆனால் இரு பொருளையும் அருகருகே வைத்து, முதல் நாளிலேயே வேறுபாட்டை விளக்கிவிடல் வேண்டும்.

இனி, இம்மொழியைச் செயலிற் பயிற்றுவது எங்ஙனம் எனக் காண்போம். பூநகரி போன்ற கரையோரப் பகுதிகளிற் கிணற்று நீர் உவர்ப்பது பயிர்ச்செய்கையாளர் நன்கறிந்த செய்தி. 'உவர் நீர் விதை முளைப்பதைக் குறைக்குமா?' என்ற வினாவை மாணவர் முன் வைக்கலாம். பெரும்பாலோர் ஒரு தட்டிற் கிணற்று நீரையும் மறுதட்டில் மழை நீரையும் ஊற்றிப் பயற்றம் விதைகளை முளைக்கவிடுவர். இங்கே ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: 'கிணற்று நீருக்கும் மழை நீருக்கும் உப்பு ஒன்றுதானா வேறுபாடு?' கிணற்று நீரிற் சுண்ணாம்பு முதலிய வேறு பொருள்களும் உள. ஆகவே, முளைத்தல் குறைந்தாலும் குற்றவாளி உப்பே என்று சொல்லமுடியாது. மழை நீரையே மூன்று பங்காக்கி, ஒன்றை அவ்வாறே விட்டு, மற்றொன்றில் லீற்றருக்கு 5 கிராம் உப்பும், மூன்றாவதில் 10 கிராம் உப்பும் கரைத்தால், மாறுவது உப்பின் அளவு ஒன்றேயாகும். அதுவே சாரா மாறி. முளைத்த விதைகளின் எண்ணிக்கை சார்ந்த மாறி. உப்பிடாத தட்டே கட்டுப்பாடு. ஒவ்வொரு தட்டிலும் ஒரே வகை விதை 50, ஒரே அளவு நீர், ஒரே இடம். இவ்வாறு செய்தபின் 'மாறி', 'கட்டுப்பாடு' என்னும் சொற்கள் மனப்பாடம் செய்யவேண்டியனவாக இரா. கையாற் செய்தவற்றின் பெயர்களாகிவிடும்.

முதல் தட்டில் 46 விதைகளும் மூன்றாம் தட்டில் 31 விதைகளும் முளைத்தன என்று வைத்துக்கொள்வோம். 'உவர் நீர் விதையை அழிக்கும் என்பது நிரூபிக்கப்பட்டது' என எழுதும் மாணவன் இரண்டு தவறு செய்கிறான். எண்ணிக்கை குறைந்ததேயன்றி, முளைக்காத விதைகள் அழிந்தன என்பதற்குச் சான்றில்லை. ஒரு முறை செய்த சோதனை எதனையும் முற்றாக நிறுவுவதுமில்லை. 'இந்நிலைமைகளில், உப்பின் அளவு கூடியபோது முளைத்த விதைகளின் எண்ணிக்கை குறைந்தது. இது கருதுகோளை ஆதரிக்கின்றது. சோதனை மீளவும் செய்யப்படல் வேண்டும்' என்று எழுதுவதே முறை. 'நிரூபித்தது' என்பதன் இடத்தில் 'ஆதரிக்கின்றது' என்னும் சொல்லை இடுவது சிறு திருத்தம்போலத் தோன்றும். ஆனால் அவ்வொரு சொல்லில் விஞ்ஞானத்தின் அடக்கம் முழுவதும் இருக்கின்றது.

கருதுகோள் என்பது சரியோ பிழையோ என்று முன்கூட்டியே அறியப்படாதது, சோதித்துப் பார்க்கத்தக்கது. இதற்கு வன்னி மக்களின் வாழ்வோடு நெருங்கிய எடுத்துக்காட்டு மலேரியாக் காய்ச்சல். மலேரியா என்னும் பெயரே தீய காற்று எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து பிறந்தது. 1894ஆம் ஆண்டு பற்றிக் மான்சன் என்னும் ஸ்கொட்லாந்து மருத்துவர், நுளம்புக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்ற கருதுகோளை வெளியிட்டார். நோயாளியின் குருதியை உண்ட நுளம்பு நீரில் விழுந்து இறக்க, அந்நீரைப் பருகுவோரை நோய் பற்றலாம் என்பது அவருடைய எண்ணம். இந்தியாவிற் பணியாற்றிய ரொனால்ட் றொஸ் அதனைச் சோதித்தார். நீரைப் பருகுதல் பற்றிய பகுதிக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. ஆனால் 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 20ஆந் திகதி, செக்கந்தராபாத்தில் ஒருவகை நுளம்பின் வயிற்றில் நோய்க்குரிய ஒட்டுண்ணியை அவர் கண்டார். மறு ஆண்டு, பறவைகளுக்கு வரும் மலேரியா நுளம்பு கடிப்பதாற் பரவுவதைக் கல்கத்தாவிற் காட்டினார். ஒரே கருதுகோளின் ஒரு பாதி நின்றது. மறு பாதி வீழ்ந்தது. வீழ்ந்தமையால் மான்சனுக்கு இழுக்கில்லை. சோதிக்கத்தக்கவாறு சொன்னமையே அவர் செய்த தொண்டு. காடும் குளமும் சூழ்ந்த வன்னி நெடுங்காலம் அஞ்சிய அந்நோயிலிருந்து இலங்கை விடுபட்டதென 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காற்றையே குறைகூறிக்கொண்டிருந்திருந்தால் அந்நாள் வந்திராது.

எல்லா வினாக்களும் இவ்வாறு விடை கண்டுவிடுவதில்லை. 1990ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்தில் அறியவந்து, வவுனியா மாவட்டத்தையும் தாக்கிய சிறுநீரக நோய் ஒன்றுண்டு. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத உழவரையும் அது பற்றுகின்றது. மருத்துவர் அதற்கு இட்ட பெயர், 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்பது. அறியாமையை மறைக்காது பெயரிலேயே எழுதிவைத்த அந்த நேர்மையை மாணவர் கவனிக்கவேண்டும். கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, கட்மியம் போன்ற உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனக் கருதுகோள்கள் பல முன்வைக்கப்பட்டுள்ளன. ஒன்றே காரணம் என அறிஞர் யாவரும் இன்னும் உடன்படவில்லை. கிளைபோசேட்டு என்னும் களைகொல்லிக்கு 2015ஆம் ஆண்டு நாட்டில் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. தடை என்பது முன்னெச்சரிக்கை. அது விஞ்ஞான முடிபன்று. முன்னெச்சரிக்கையாகக் குடிநீரைச் சுத்திகரிப்பது நன்றே. ஆனால் காரணம் தெரிந்துவிட்டது என்று நம்பி ஆராய்ச்சியை நிறுத்திவிட்டால், நோயாளிக்கே தீங்கு விளையும். தந்தையோ மாமனோ அந்நோயால் வருந்தும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, 'கருதுகோள்' என்பது பரீட்சைக்குரிய சொல் மாத்திரமன்று. யார் எதனை விற்க வந்தாலும், எவர் எதனைக் குறைகூறினாலும், 'இது கண்டதா, கருதியதா, எவருடைய உரை?' என்று கேட்கும் ஆற்றலை அச்சொல் அப்பிள்ளைக்கு அளிக்கவேண்டும்.

இத்தகைய பயிற்சிக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் வன்னியின் பாடசாலைகள் இடம்பெயர்ந்து, கட்டடங்களையும் கருவிகளையும் இழந்தன. இழந்தவற்றை மீளப் பெறுவது இன்றியமையாதது. ஆயினும் நுணுக்குக்காட்டி வரும்வரை முறையின் மொழி காத்திருக்கவேண்டியதில்லை. வாரம் ஒரு முறை, குளக்கரையிலோ வயல் வரம்பிலோ மாணவர் பத்து வாக்கியங்கள் எழுதட்டும். ஐந்து கண்டவை, மூன்று கருதியவை, இரண்டு சோதித்துப் பார்க்கத்தக்க வினாக்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து, கண்டவற்றுள் கருதியது கலந்துள்ளதா எனத் திருத்தட்டும். ஆசிரியரும், 'எனக்குத் தெரியாது. தேடிப் பார்ப்போம்' என்று வகுப்பிற் சொல்லத் தயங்கலாகாது. அவ்வாக்கியமும் விஞ்ஞான மொழியின் ஒரு பகுதியே.

நாளை இம்மாணவருட் சிலர் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடத்துக்கோ வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ சென்று ஆங்கிலத்திற் கற்பர். அப்போது தமிழ்க் கலைச்சொற்களின் இடத்தில் வேறு சொற்கள் வரும். ஆனால் கண்டதைக் கருதியதிலிருந்து பிரித்துச் சொல்லும் பழக்கம் எம்மொழியிலும் உடன்செல்லும். ஏனையோர் வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் திரும்புவர். நோய்க்கு மருந்து தேடும்போதும், பயிருக்கு நஞ்சு தெளிக்கும்போதும், தேர்தல் மேடையில் ஒருவர் பேசுவதைக் கேட்கும்போதும், அப்பழக்கம் அவர்களுக்கும் உதவும். ஆகவே, உயிரியல் ஆசிரியர்கள் கலைச்சொற் பட்டியலுக்கு ஒதுக்கும் காலத்தில் ஒரு பகுதியையேனும் மாணவரின் வினைமுற்றுகளைத் திருத்துவதற்கு ஒதுக்குவார்களாக.