ஆட்டைக் கொல்லும் இலை, புழு விரும்பும் இலை

ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் மரவள்ளிக் காடு கண்ணில் படும். இங்கே பலரும் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று நாட்டின் ஜவ்வரிசியில் பெரும்பகுதி இந்த வட்டாரத்துச் சேகோ ஆலைகளிலிருந்து போகிறது. பாயசத்துக்கு வரும் இந்தப் பயிர், தோட்டத்தில் நிற்கும்போது நஞ்சுச் செடி.

மரவள்ளிக்குள் சயனைடு நேரடியாக இருப்பதில்லை. லினமரின் என்ற சர்க்கரைச் சேர்மமாகச் செல்லின் உள்ளறையில் அடைபட்டிருக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்சுவரில் காத்திருக்கிறது. இலையைக் கடித்தால், கசக்கினால், இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். தன்னைத் தின்ன வருபவருக்குச் செடி வைத்திருக்கும் பொறி இது. கிழங்கின் சதையில் குறைவு, தோலில் கூடுதல், இலையிலும் கூடுதல்.

மேய்ச்சலில் பசி மிகுந்த ஆடு பச்சை இலையை மொத்தமாக மேய்ந்துவிட்டால் ஆபத்து. அதன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகளும் சேர்ந்து நஞ்சைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் திசுக்களால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆடு மூச்சுத் திணறிச் சாயும். போட்டோ கழுவுகிறவர்கள் ஒரு காலத்தில் ஹைப்போ என்று வாங்கிய சோடியம் தயோசல்பேட்தான் மாற்று மருந்துகளில் ஒன்று. ஆனால் டாக்டர் வரும்வரை ஆடு தாங்க வேண்டுமே!

வறட்சியில் செடியில் நஞ்சு ஏறும். 1981இல் மொசாம்பிக்கில் பஞ்சம் வந்தபோது, காய்ந்து பக்குவமாகும்வரை பொறுக்க முடியாமல் கசப்புக் கிழங்கைத் தின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் முடங்கின. நம்மூரில் கிழங்கோடு அரிசியும் பருப்பும் சாப்பிடுகிறோம். ரகங்களிலும் நஞ்சு குறைவு. அதனால் அந்தப் பயம் இங்கே வேண்டாம்.

இதே இலையை எரிப்பட்டுப் புழு ஆசையாகத் தின்று கூடு கட்டுகிறது. ஆமணக்கு இலைக்கு அடுத்தபடியாக அதற்குப் பிடித்த தீனிகளில் மரவள்ளியும் ஒன்று. கால் பங்கு இலையைப் பறித்தாலும் கிழங்கு மகசூல் பெரிதாகக் குறையாது என்பதால், விவசாயிக்கு உபரி வருமானம்.

என்னைக் கேட்டால், சுற்றுச்சூழலுக்கு நஞ்சைவிட மாவுதான் அதிகக் கேடு செய்திருக்கிறது. கிழங்கை அரைத்துக் கழுவிய தண்ணீரில் மிஞ்சும் மாவு ஓடையில் சேர்ந்தால் புளித்து நாறும். தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். திருமணிமுத்தாறு கெட்டதில் சாயக்கழிவோடு இதற்கும் பங்குண்டு. அதையே மூடிய தொட்டியில் புளிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கும். அந்த வாயுவை எரித்து ஆலை ஓட்டுகிறவர்கள் இதே மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே ஆடு வளர்ப்பவர்கள் இலையைப் பொடியாக நறுக்கி நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே, அதையும் மற்றத் தீவனத்தோடு கலந்து, கொஞ்சமாகக் கொடுங்கள். வீட்டில் கிழங்கு வேகவைப்பவர்கள் தோலைத் தடிமனாகச் சீவி, மூடாத பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றாமல் வடித்துக் கொட்டிவிடுங்கள்.