ஒளிப்படங்கொண்டு விமானம் இனங்காணல்

முன்பின் அறியாத விமானம் ஒன்றின் ஒளிப்படத்தைக் காட்டி, அதன் பெயர் யாது, ஆக்கிய நாடு எது என வினவுவதும், கண்டோர் உய்த்துணர்ந்து விடை பகர்வதும் மேனாட்டில் வழங்கும் ஒரு விளையாட்டாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் இது ஒரு பயிற்சியாகவே வளர்ந்தது. இதற்கெனவே ‘ஏரோபிளேன் ஸ்பொட்டர்’ என்னும் இதழ் 1941 சனவரியில் தோன்றி, விமானங்களின் படங்களையும் நிழலுருக்களையும் வெளியிட்டு, 1948 வரை நடைபெற்றது.

இலங்கையர்க்கு அது வெறும் விளையாட்டன்று என்பதை 1942 ஏப்பிரல் 5ஆம் நாள் உணர்த்திற்று. உயிர்த்த ஞாயிறாகிய அன்று காலை, விமானந்தாங்கிக் கப்பல்களினின்றும் எழுந்த யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையும் தாக்குண்டது. கொழும்பு வானில் அன்று எதிர்ப்பட்ட பிரித்தானிய ஹரிக்கேனும் யப்பானிய சீரோவும் ஒற்றை எஞ்சினும் தாழ்ந்த இறக்கையும் உடையவை. தொலைவிற் காண்பார்க்கு, குற்றியோ மகனோ என உரையாசிரியர் காட்டும் ஐயமே எழும். ஐயந்தீர்ப்பது மூக்கு. திரவத்தாற் குளிரும் நீண்ட எஞ்சின் பொருந்திய ஹரிக்கேனின் மூக்குக் கூரியது. காற்றாற் குளிரும் வட்ட எஞ்சின் பொருந்திய சீரோவின் மூக்கு மழுங்கியது. ‘வால்’ எனப்பட்ட யப்பானியக் குண்டுவீச்சு விமானத்துக்கோ, உள்ளே மடங்காது உறையிட்டுத் தொங்கிய சக்கரங்களே போதிய அடையாளம்.

காணும் கோணமும் கருதற்பாலது. சமவெளியில் நிற்பவனுக்கு விமானத்தின் அடிப்பாகமே தோன்றும். மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் போன்ற மலைமுகட்டில் நிற்பவனுக்கோ, பள்ளத்தாக்கின்மேல் தாழப் பறப்பது பக்கவாட்டில் தோன்றும். மூடுபனி விலகும் அளவே காட்சியும் கிட்டும். ஒளிப்படம் நின்று நிதானித்து நோக்க இடந்தருவது உண்மை. ஆயினும் அது பருமனை மறைக்கும். அருகே ஓர் ஆளோ ஏணியோ இல்லையேல், சிறியதும் பெரியதும் ஒன்றாகவே தோன்றும். பயின்றோர் முதலில் இறக்கை உடலில் எவ்விடத்துப் பொருந்தியுள்ளது, எஞ்சின்கள் எத்தனை, வாற்பகுதி எவ்வடிவினது என நோக்குவர். வண்ணத்தையும் சின்னத்தையும் இறுதியிலேயே நம்புவர். வண்ணம் பூசுதல் எளிது. இறக்கையை மாற்றுதல் அரிது.

அரிதேயன்றி இயலாததன்று. நேச நாட்டார் யப்பானியப் போர் விமானங்களுக்கு ஆண்பெயரும் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண்பெயரும் இட்டு வழங்கினர். சீரோவுக்கு இட்ட பெயர் ‘சீக்’. 1942இல் இறக்கை நுனி சதுரமாக வெட்டுண்ட விமானம் ஒன்றைக் கண்டு, அது புதுவகை எனத் துணிந்து, அமெரிக்க விமானப்படைத் தளபதி ஆர்னல்டின் செல்லப்பெயரால் ‘ஹப்’ என்றனர். அதனை அவர் விரும்பாமையால் ‘ஹம்ப்’ என மாற்றினர். கைப்பற்றிய விமானங்களை ஆராய்ந்தபோதே, அது 12 மீற்றர் இறக்கை 11 மீற்றராகக் குறுகிய அதே சீரோ எனத் தெளிந்தது. இரண்டாம் முறையாகப் பெயர் மாறி, அது ‘சீக் 32’ ஆயிற்று.