வேலி தாண்டிய கள்ளி... செடி சேகரிப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம்!

தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் வீட்டுத்தோட்டம் போடுவது லேசான வேலையில்லை. உப்புக்காற்று, உவர் தண்ணீர், ஈரம் நிற்காத மணல். இதையும் மீறிச் செடி வளர்ப்பவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. எங்கே புதுச்செடியைக் கண்டாலும் ஒரு கிளையை ஒடித்துவந்து நட்டுவிடுவார்கள். அவர்களுடைய தோட்டம் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும்.

நல்ல ஆசைதான். ஆனால், வந்த செடி வேலி தாண்டினால் என்ன ஆகும்? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

சாயத்துக்காக வந்த கள்ளி

ஜேம்ஸ் ஆண்டர்சன், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவத் தலைவர். செடி சேகரிப்பதில் தீராத பைத்தியம். அந்தக் காலத்தில் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவில் வளர்த்துக் கொழுத்த லாபம் பார்த்தார்கள். அதை இங்கே வளர்க்க நினைத்த ஆண்டர்சன், அதற்குத் தீனியாகும் கள்ளி வகைகளை லண்டன் கியூ தோட்டம் உட்படப் பல இடங்களிலிருந்து வரவழைத்து, சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே அமைத்தார். முசுக்கொட்டை, பட்டுப்புழு என்று அடுத்தடுத்து முயன்றபடியே இருந்தார்.

1795-ல் பிரேசிலில் இருந்து ஒரு கப்பல் கேப்டன் மூலம் பூச்சி கல்கத்தா வந்து சேர்ந்தது. ஆனால், வந்தது மட்டரகம். சாய வியாபாரம் எடுபடவில்லை. மாறாக, வேலிகளில் பரவியிருந்த ஒரு கள்ளி வகையை அந்தப் பூச்சி உறிஞ்சிக் காய வைத்தது. இதைக் கவனித்தவர்கள் 1836-38-ல் கள்ளியை அழிப்பதற்காகவே பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பூச்சியை விட்டுக் களையை ஒழித்ததில் உலகின் முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று.

ஆனால், நம் பக்கத்து நாகதாளியை, அதாவது சிவப்புப் பழம் பழுக்கும் சப்பாத்திக்கள்ளியை, அந்தப் பூச்சி தொடவில்லை. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பின. வெட்டிப்போட்ட மடலும் விழுந்த இடத்தில் வேர்விட்டது. மேய்ச்சல் நிலமெல்லாம் முள்ளானது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. செடியைக் கொண்டுவருவது ஒருநாள் வேலை. அதைக் கட்டுப்படுத்த நூறு வருஷமும் ஆகலாம்.

பூச்சியும் கூடவே வரும்

இது பழங்கதை மட்டுமல்ல. கொச்சினீலுக்குச் சொந்தக்காரனான மாவுப்பூச்சியில் ஒரு வகை 2008-ல் கோவையில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை என்று புகுந்து விவசாயிகளை அழவைத்தது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது.

புதுச்செடி வந்தால்...

* மூன்று, நான்கு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளித் தொட்டியிலேயே வையுங்கள். இலையின் அடிப்பக்கம், கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல எதுவும் தெரிகிறதா என்று பாருங்கள்.
* அறிமுகமில்லாத செடி என்றால், ஒரு பருவமாவது தரையில் நடாதீர்கள். தானாக முளைக்கிறதா, குச்சி விழுந்த இடமெல்லாம் தழைக்கிறதா, ஆடு, மாடு தொடாமல் ஒதுக்குகிறதா? மூன்றும் இருந்தால் அது தோட்டத்துக்கு ஆகாது.
* கவாத்து செய்த குச்சிகளை ஓடையிலோ, புறம்போக்கிலோ வீசாதீர்கள். காயவைத்து எரித்துவிடுங்கள்.
* அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் ஆகாயத்தாமரையைக் குளத்திலோ, வாய்க்காலிலோ கொட்டவே கூடாது.

கடற்கரை மண்ணுக்குப் புன்னை, பூவரசு, தென்னை தோதானவை. ஓரளவு உவர் நீரைச் சப்போட்டாவும் தாங்கும். உயிர்வேலிக்குக் கிளுவை போதும். முள்ளும் உண்டு, தழையை ஆடும் தின்னும்.

ஆசை தீரச் செடி சேகரியுங்கள். அது உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கிறதா என்பதில் மட்டும் ஒரு கண் வையுங்கள்!