கூட்டத்தில் இருந்தாலே குற்றவாளியா?

"அவங்க ஆளுங்க செஞ்சதுக்கு அவங்கதானே பொறுப்பு?" 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அப்புறம் முத்தையாபுரம் டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். இலங்கை நமக்குக் கடலுக்கு அந்தப் பக்கம்தானே!

ஏப்ரல் 21 அன்று அங்கே 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மே மாதம் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. ஆனால் குண்டுவெடிப்பின் தலைவன் சஹ்ரான் ஹாஷிமைக் கைது செய்யச் சொல்லி 2017லேயே தெருவில் இறங்கியவர்கள், அவனுடைய ஊரான காத்தான்குடி முஸ்லிம்கள்தான். மதம் ஒன்று என்பதற்காக இவர்களும் குற்றவாளிகளா?

என் கணக்கில் பொறுப்பு மூன்று பேருக்கு: செய்தவர், தூண்டியவர், தடுக்கும் இடத்தில் இருந்தும் சும்மா இருந்தவர். இந்தியா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அதைக் கோட்டைவிட்டதற்காக 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. முன்னாள் அதிகாரிகளும் தப்பவில்லை.

நாத்திகருக்கும் இதே அளவுகோல்தான். 1931இல் ஸ்டாலின் அரசு மாஸ்கோ பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்ததற்கு நம்மூர் நாத்திகர் பொறுப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் வெறுப்பை நாலு பேருக்கு அனுப்புகிறவர், எந்தப் பக்கம் இருந்தாலும், இரண்டாவது வகையில் வந்துவிடுகிறார். அதில் நானும் நீங்களும் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வோம்.